தோற்பதற்கென்று ஒரு மாதம்

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கும் தோல்வி. உட்கார்ந்ததெல்லாம் தோல்வி. வாய்விட்டுத் திட்டினால் அம்மா, "பூசை கண்டுட்டு வந்த வாயி, என்ன பேச்சு பேசுது பாரு" என்று சத்தம் போடுகிறாள். அதனால் இதில் திட்டுகிறேன். ஆபீசில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி, அலமாரியில் சும்மாதான் கிடந்தது.

எழுதுவதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நானும் என் அண்ணன் கிளாட்வினும் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டத்தின் பெயர் ஃபைவ் கேட்ஸ். பக்கத்துக்கு ஐந்து பேர். எதிராளியின் ஐந்து வாசலையும் உடைத்தால் வெற்றி. நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாக உள்ளே போவோம். எங்களோடு சேரும் மூன்று பேரையும் எதிரே நிற்கிற ஐந்து பேரையும் சிஸ்டம்தான் பொறுக்கிப் போடும். எல்லாரும் சமமான திறமைக்காரர்களாகப் பார்த்துப் போடுகிறதாம். கம்பெனிக்காரன் சொல்கிறான். சமமாம், மண்ணாங்கட்டி. இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும், அடுத்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் மூன்று விளங்காத பயல்களைக் கொண்டுவந்து இறக்கும். ஒருத்தன் சுவரைப் பார்த்துச் சுடுகிறான், ஒருத்தன் நடுவில் எழுந்து சாப்பிடப் போகிறான். நன்றாக ஆடுகிறவனை மேலே விடாமல் பிடித்து வைப்பதற்கென்றே எழுதிய சிஸ்டம் அது.

போன வருஷம் அண்ணன் தங்கம் ரேங்கின் உச்சிக்குப் போய் நின்றான். அடுத்தது வைரம். ஒரே ஒரு ஆட்டத்தில் தவறியது. இந்த சீசன் ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. அதற்குள் வைரத்தைத் தொட்டால் அந்தச் சின்னம் அவன் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். பிறகு ஆடாவிட்டாலும் இருக்கும்.

"வைரத்தத் தொட்டுட்டு விட்ருதேன்ட்டி" என்றான்.

"எதுக்கு விடணும்?" என்றேன். அவன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு லீவு முடிந்தால் நேரம் இருக்காது, அதைத்தான் சொல்கிறான் போல.

ஜூன் 10

சாளை மீன் வாங்கிக் கழுவினேன். ஆபீஸ். தோல்வி.

ஜூன் 13, வெள்ளி

நிஃப்ராஸ் இன்றைக்கு எங்களோடு ஆடினான். புத்தளத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், இரண்டு வருஷமாக ஆட்டத்தில் பழக்கம். முகம் பார்த்ததில்லை. அண்ணனை நாநா என்பான், என்னைத் தங்கச்சி என்பான். சிஸ்டத்தைத் திட்டுவதில் எனக்குச் சரியான ஜோடி அவன்தான்.

கடைசி வாசலில் அண்ணன் எதிராளிக்கு நேராக நின்றான். சுட வேண்டியதுதான். சுடவில்லை. எதிராளி சுட்டுவிட்டான்.

"நாநா, என்ன ஆச்சு?" என்று நிஃப்ராஸ் மைக்கில் கேட்டான்.

"நெட்டு இழுத்துருச்சு" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். நெட்டுத்தான். கேபிள்காரனுக்குப் போன் போட்டு நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறான். அவனவன் பிழைப்பு அப்படி.

அண்ணனுக்குப் புது மவுஸ் வாங்கி வந்தேன். பழையதில் பட்டன் கனம். இதில் லேசாகத் தொட்டாலே அழுந்தும். அவன் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான், சின்னப் பிள்ளை மாதிரி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. டம்ளர் சூடாக இருந்தால் யாரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

ஜூன் 19, வியாழன்

ஆபீசுக்கு லீவு. பாளையங்கோட்டை டாக்டரிடம் போனோம். மதுரையில் எடுத்த சோதனைகளின் முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா தாளில் படம் வரைந்து, மூளையிலிருந்து கைக்கு வருகிற நரம்பு எப்படி ஒவ்வொன்றாக... என்று விளக்கினாள். அந்த நோய்க்கு நீளமான பெயர். அண்ணன் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்துகிற ஒழுங்கே கிடையாது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல கேம் ஆடலாமா டாக்டர்? கைக்குக் கெடுதலா?"

"கெடுதல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் டாக்டர். "அவருக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் இப்பவே செஞ்சுக்கட்டும்."

ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாள். பஸ்ஸில் அம்மா வல்லநாடு வரைக்கும் ஜெபமாலை சொன்னாள், அதற்குப் பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தூங்கிவிட்டான். தூங்கின மாதிரி இருந்தான்.

ஜூன் 22

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். 'எங்கள் சிஸ்டம் அனைவரையும் நேர்மையாகவே இணைக்கிறது, தொடர்ந்து மகிழ்ச்சியாக விளையாடுங்கள்' என்று உடனே பதில் வந்தது. இவ்வளவு வேகமாக வருகிற பதிலை மனுஷன் எழுதியிருக்க மாட்டான்.

ஜூன் 25, புதன்

வழி கிடைத்துவிட்டது.

ஒரு பையன் வீடியோ போட்டிருக்கிறான். சிஸ்டத்தை ஏமாற்ற ஒரே வழி, வேண்டுமென்றே தோற்பது. ஒரு மாதம் விடாமல் தோற்றால், நாம் ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று அது நம்பிவிடும். பிறகு நமக்கு எதிராகச் சோப்ளாங்கிகளாகப் பார்த்துப் போடும். அப்போது வேலையைக் காட்டினால் தடதடவென்று ஏறிவிடலாம். அவன் அப்படித்தான் வைரம் வாங்கினானாம்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் முகமே சரியில்லை.

"தோக்கதுக்காட்டி ஆடணும்?"

"ஒரு மாசந்தான அண்ணே. ஆகஸ்ட் முழுக்க ஏறுதோம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், சரியா வருது."

"நான் இதுவரைக்கும் ஒரு ஆட்டத்தையும் வேணும்னு விட்டது கெடையாது."

"அது உன்னய ஏமாத்துதுல்லா? நீ அத ஏமாத்துனா என்ன தப்பு?"

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒரு மாசம்" என்றான், எதையோ எடை போடுகிற மாதிரி. பிறகு, "சரிட்டி. நீ சொல்லுத. செய்வோம்" என்றான்.

நான் ஏதாவது கேட்டு அவன் இல்லை என்று சொன்னது கிடையாது. சின்ன வயதில் மணியடித்து விற்கிற ஐஸில்கூட, என்னுடையதைத் தின்றுவிட்டு அவனுடையதையும் வாங்கித் தின்பேன்.

ஜூன் 28

தோற்பதும் லேசான வேலை இல்லை. சும்மா நின்றால் சிஸ்டம் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும். ஓட வேண்டும், சுட வேண்டும், ஆனால் குறி தப்ப வேண்டும். அண்ணனுக்கு அது வரவே இல்லை. நான் பாறையிலிருந்து குதித்துக் குதித்துச் செத்தேன்.

ஜூலை 3, வியாழன்

இன்றைக்கு அவனோடு சண்டை.

தோற்கவேண்டிய ஆட்டம். நன்றாகத் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். கடைசி வாசலில் எங்கள் பக்கம் நாலு பேரும் செத்து அண்ணன் மட்டும் நிற்கிறான். எதிரே ஐந்து பேரும் உயிரோடு வருகிறார்கள். என்ன தோன்றியதோ இவனுக்கு. வாசல் தூணுக்குப் பின்னால் போனான், ஒருத்தனைச் சாய்த்தான், படிக்கட்டில் ஏறி இரண்டு பேரை, அப்படியே திரும்பிப் பின்னால் வந்த ஒருத்தனை. கடைசி ஆள் ஓடினான், விரட்டிப் பிடித்தான். ஐந்து பேர். ஒற்றை ஆள். அந்தக் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கிரேனில் பெட்டியைக் கப்பலுக்குள் இறக்குகிறபோது இப்படித்தான் வைப்பான் என்று அவனோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள், பூ வைக்கிற மாதிரி.

முன்பின் தெரியாத மூன்று பேரும் மைக்கில் விசிலடித்தார்கள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். "என்ன செஞ்சு வச்சுருக்க? ஒரு வாரமா தோத்தது அம்புட்டும் போச்சு. உனக்குச் சொன்னா புரியாதா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ.

"கை தானாப் போயிருச்சுட்டி" என்றான். "இனும ஜெயிக்க மாட்டேன்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவன் சிரிச்சு எத்தன நாளாச்சு, அவன ஏன்ட்டி வையுத?" என்றாள். அம்மாவுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்.

ஜூலை 5

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். ஒழுங்காகத் தோற்கிறான்.

ஜூலை 11, வெள்ளி

ஒரு பெண் குரல். திருப்பூர்ப் பக்கம் போல. எங்கள் அணியில் வந்து விழுந்தாள். ஆட்டம் பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் வேணும்னே பண்றீங்களா? வேலைக்குப் போய்ட்டு வந்து ஒரு மணி நேரந்தானுங்க ஆடறேன். இப்படிப் பண்ணாதீங்க" என்றாள்.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டான். நான் குதித்துச் செத்தேன். ஆட்டம் முடிந்ததும் அவள், இந்த சிஸ்டம் நாசமாகப் போகட்டும், எங்கிருந்துதான் இதுகளைப் பொறுக்குதோ என்று எழுதிவிட்டுப் போனாள்.

விளங்காத பயல்கள் என்று முதல் நாள் எழுதினேனே, அவர்களும் இப்படி யாராவதாக இருக்குமோ. இருந்தால் இருக்கட்டும். எனக்கு இப்போது அடுத்தவர்களைப் பார்க்க நேரமில்லை.

ஜூலை 15

அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். புதுச் சட்டை, ஓட்டை சின்னது.

ஜூலை 20, ஞாயிறு

வெண்கலத்தின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டோம். இதற்குக் கீழே ரேங்க் இல்லை. நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்தாயிற்று. நாளையிலிருந்து ஏற்றம்.

அம்மாவை இறால் குழம்பு வைக்கச் சொன்னேன். அண்ணனுக்குச் சாப்பிட ரொம்ப நேரம் பிடிக்கிறது. ஸ்பூன் கொடுத்தேன்.

ஜூலை 21

தோல்வி.

ஜூலை 22

தோல்வி. சிஸ்டம் கண்டுபிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். நாங்கள் ஏமாற்றியதைத் தெரிந்துகொண்டு பழிவாங்குகிறது. வெண்கலத்தில் இருக்கிறவர்கள் இவ்வளவு வேகமாகவா சுடுவார்கள்? அண்ணன் திரும்புவதற்குள் சுட்டுவிடுகிறார்கள். யாரோ பெரிய ஆட்களைப் பொய்ப் பெயரில் இறக்கிவிட்டிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

நிஃப்ராஸ் வந்து எங்களோடு மூன்று ஆட்டம் ஆடினான். எல்லாம் போனது. அண்ணன் எழுந்து உள்ளே போன பிறகு நான் மட்டும் மைக்கில் இருந்தேன். சிஸ்டத்தைப் பிடிபிடி என்று பிடித்தேன். நிஃப்ராஸ் வழக்கம்போல ஒத்து ஊதவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்டு சொல்றன், கோவிக்க வேணாம்" என்றான். "நானும் சிஸ்டத்த ஏசுற ஆள்தான். ஆனா இது சிஸ்டம் இல்ல. எதிரிப் பொடியன்மார் எல்லாம் புதுசா வந்த ஆக்கள், நடக்கவே தெரியா. நாநாட கைதான் லேட்டா வருது. கண் பாக்குது, கை வருதில்ல. போன மாசம் இப்படி இல்ல. ஜூலை தொடக்கத்துல ஆடின ஆட்டத்துட ரெக்கோட் பாத்தன், நல்லா இருந்திச்சி. என்ன நடந்திச்சி நாநாவுக்கு?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன். "செல்போனுக்கு கிளாஸ் ஒட்டுறவன் நீ."

"அல்லாஹ் காவல். நான் ஒண்டும் தப்பா..." என்று அவன் தொடங்கும்போதே பிளாக் செய்துவிட்டேன். இரண்டு வருஷப் பழக்கம். போகட்டும்.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். ஊரே கூடிவிட்டது. அம்மா அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பனிமய மாதாவுக்கு முன்னால் அவன் சிலுவை போட்டான். நெற்றிக்குக் கை போகவில்லை, நெஞ்சோடு நின்றுவிட்டது. கூட்டத்தில் கையைத் தூக்க இடமேது. அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள், அங்கிருந்து இரண்டு தோளுக்கும் கொண்டுபோனாள். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் சப்பரம் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். சப்பரம் இன்றைக்குக் கிடையாது, அது கடைசி நாள்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜெயித்தோம்.

ஆகஸ்ட் 2, சனி

இன்றைக்கும். உட்கார்ந்ததெல்லாம் வெற்றி. அண்ணன் மவுஸை இடது கைக்கு மாற்றிவிட்டான், அதிலேயே அடிக்கிறான். "ஏட்டி, கை இன்னும் வெலைக்குப் போகும் போலருக்கே" என்கிறான். அம்மா உளுந்தங்களி கிண்டி அவனுக்கு ஊட்டினாள், அவன் வாயில் வாங்கிக்கொண்டே எனக்கு எந்த வாசலுக்கு ஓடவேண்டும் என்று சொன்னான். அப்பாவுக்குப் போன் போட்டு, கப்பலில் இருக்கிற மனுஷனுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், எல்லாக் கதையையும் சொன்னான். நான் சொன்னேன் பார்த்தீர்களா, ஒரு மாதம் தோற்றது வீண்போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

எதிரணியில் ஒருத்தன் சுவரை முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பவில்லை. இன்னொருத்தன் நேற்றும் முந்தாநாளும் எந்தப் படியில் ஏறி எங்கே நின்றானோ அதே படி, அதே இடம். பெயர் மட்டும் வேறு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தேன். ஒருத்தனுக்கும் பழைய ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

ஆட்கள் இல்லை. பாட். கணினியே ஆடுகிற பொம்மைகள். தொடர்ந்து தோற்கிறவன் வெறுத்துப்போய் ஆட்டத்தை விட்டுவிடக் கூடாதென்று, ரொம்பக் கீழே கிடக்கிறவர்களுக்கு சிஸ்டம் இப்படிப் பொம்மைகளைப் பிடித்துப் போடுமாம். யாருக்கும் சொல்லாது. வருஷக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது ஏமாற்றுகிறது என்று. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. சப்பரம் போகும்போது எல்லாரும் என்னென்னவோ கேட்டு அழுகிறார்கள். பாட் நிற்காமல் வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மாதாவுக்கு அது என்னவென்று புரிந்ததோ என்னவோ.

ஆகஸ்ட் 9, சனி

ஜெயிக்க ஜெயிக்க ரேங்க் ஏறுகிறது. ஏறினால் மறுபடி ஆட்கள் வந்துவிடுவார்கள். நேற்று ஒரு ஆட்டத்தில் வந்துவிட்டார்கள். அண்ணன் ஒருத்தனையும் தொட முடியவில்லை. எழுந்து படுக்கப் போய்விட்டான், சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாத்திரையினால் அண்ணன் எழுந்திருக்க நேரமாகிறது. நான் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் அவன் கணக்கில் நுழைந்து தோற்கிறேன். தலை சீவிக்கொண்டே தோற்கலாம், அவ்வளவு பழகிவிட்டது. காலையில் நான் இறக்கிவைத்தால் சாயங்காலம் அவனுக்குப் பொம்மைகள் வரும். ஜெயிப்பான். அடுத்த நாள் காலையில் மறுபடி இறக்குவேன்.

"ரேங்கு ஏறவே மாட்டேங்குதே, என்னட்டி?" என்று கேட்டான்.

"சர்வர்ல கோளாறாம். சீசன் முடியும்போது மொத்தமா ஏத்துவாங்களாம்" என்றேன். வாய் கூசாமல் வருகிறது.

யாருக்கு யாரைப் போடவேண்டும், யார் எப்போது ஜெயிக்கவேண்டும் என்று இப்போது இந்த வீட்டில் நான்தான் முடிவு பண்ணுகிறேன். காலையில் என்னோடு மாட்டிக்கொள்கிற நாலு பேர் தினமும் சாபம் விடுகிறார்கள். வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 16

வெற்றி. அண்ணனுக்குத் தலை துவட்டிவிட்டேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, அவனைத் தூக்கி உட்காரவைக்க இனி நானும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 21

வெற்றி. அவன் சிரிக்கிறான், ஆனால் முன்னைப் போல எனக்கு எந்த வாசல் என்று சொல்வதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ஹார்பரிலிருந்து அவனோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பெரிய பை. லாக்கரில் இருந்த அவன் சாமான்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். லீவில் இருக்கிறவன் லாக்கரை எதற்குக் காலி பண்ணினார்கள் என்று நான் வாசலில் வைத்துக் கேட்டேன். எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள். உள்ளே வந்தால் அம்மா அந்த நீல ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டேன். அண்ணன் மவுஸில் கையை வைக்கவில்லை.

"காலைல என் கணக்குல யாருட்டி தோக்கா?" என்றான்.

நான் ஹெட்போன் ஒயரைச் சிக்கெடுத்தேன்.

"ஆடுன ஆட்டமெல்லாம் வரிசையா அங்கனதானட்டி கெடக்கு. எனக்குக் கைதான் வரல. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"சொவர முட்டிக்கிட்டு நடந்தாம்லா ஒருத்தன், அன்னைலருந்து."

"அப்ப ஏன் ஆடுன?"

"நீ சந்தோசமா இருந்த. அம்ம களி கிண்டுனா. ஜெயிச்சிட்டுப் போவோம்னு ஜெயிச்சேன்."

ஜூலை மாதத்தைப் பற்றி அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கை நன்றாக இருந்த கடைசி மாதத்தை நான் தோற்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். டாக்டரம்மா இப்பவே என்றாள், அதை நானும்தான் கேட்டேன். எழுதிவிட்டேன். இனி எழுதாமல் இருந்து என்ன ஆகப்போகிறது.

"நாளைக்கு சீசன் முடியுதுல்லா" என்றான். "காலைல நீ தோக்காத. சாயங்காலம் ஆளுங்களோட ஒரு ஆட்டம் ஆடணும். தோத்தாலும் மனுசன்ட்ட தோக்கணும்ட்டி."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் பூசை. பிறகு நிஃப்ராசின் பிளாக்கை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அண்ணனுக்கு என்ன நோய் என்று அந்த நீளமான பெயரோடு எழுதி அனுப்பினேன். டாக்டர் சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டித்தான் எழுதினேன். ரொம்ப நேரம் கழித்து, 'நாநாவோட நானும் ஆட வரட்டா' என்று கேட்டான். வரச் சொன்னேன்.

ஆகவே மூன்று பேர். மீதி இரண்டு பேரை சிஸ்டம் போட்டது. பேச்சைக் கேட்டால் ஒருத்தன் கோயம்புத்தூர்க்காரன், இன்னொருத்தன் பேசவே இல்லை. எதிரே ஐந்து பேர். ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் மனுஷர்கள்.

அண்ணனுக்கு முதுகுக்குத் தலையணை வைத்து, இடது கையை எடுத்து மவுஸ் மேல் நான்தான் வைத்தேன். அம்மா பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த ஆட்டத்தை அம்மா முழுசாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எது அண்ணன் என்று கேட்டாள். பச்சைச் சட்டை என்றேன்.

பச்சைச் சட்டை மெதுவாக நடந்தது. நிஃப்ராஸ் அவனுக்கு முன்னால் மறைத்துக்கொண்டே போனான், நான் பின்னால். நாலு வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. இப்படி ஒரு ஆட்டம் எங்களுக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. கடைசி வாசலில் எதிராளி ஒருத்தன் வெளியே வந்தான், அண்ணனுக்கு நேரே. நான் அண்ணனின் விரலைப் பார்த்தேன். விரல் பட்டன் மேல் இருந்தது. அவன் அழுத்துகிறான், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, விரல் மட்டும் அப்படியே இருந்தது.

தோற்றோம்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைவதற்கு முன்னால் எழுதிக்கொள்ள ஒரு பெட்டி திறந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரன் அண்ணன் பெயரைப் போட்டு, 'ஏன்டா, உனக்கெல்லாம் கையே இல்லையா?' என்று எழுதினான். ஆடத் தெரியாதவனைப் பார்த்து எல்லாரும் எழுதுவதுதான். நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்.

நான் கீபோர்டை இழுத்தேன். அவன் தலைமுறைக்கே கேட்கிற மாதிரி எழுதத்தான் போனேன்.

"வுடுட்டி. என்னய கேட்டுருக்கான். நான் சொல்லுதேன்" என்றான் அண்ணன்.

அவன் கையைத் தூக்கி கீபோர்டில் வைத்தேன். ஒரு விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு, தோளை அசைத்து அசைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். கோயம்புத்தூர்க்காரன் ஏன் போகாமல் நின்றான் என்று தெரியாது. அண்ணன் எழுதி முடித்தது ஒரே ஒரு வார்த்தை.

'இருந்துச்சு.'

கோயம்புத்தூர்க்காரன் பெயர் மறைந்தது.

"பாவம்" என்றான் அண்ணன். "எனக்குன்னு எங்கிருந்துடா இப்படி ஒருத்தனக் கொண்டாந்து போட்டன்னு சிஸ்டத்தத் திட்டிக்கிட்டு இருப்பான்." சிரித்தான். "சிஸ்டம் சரியாத்தான்ட்டி போட்டுருக்கு. நல்ல ஆட்டம். நாந்தான் தோத்தேன்."

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, கீபோர்டில் கிடந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் மவுஸின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அழுதேன், சத்தமாகத்தான், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இந்தத் தடவை திட்டுவதற்கு எனக்கு யாருமே இல்லை.